மினி டிராக்டர் டயருக்குச் சங்கிலி: கட்டியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் சரிவான நிலத்தில் எங்கள் பெங்களூரா ரக மாந்தோப்பு இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் செம்மண் வழுக்கி, மினி டிராக்டர் மேட்டில் ஏறாமல் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. போன வாரம் பக்கவாட்டில் சறுக்கி ஒரு மாங்கன்றை ஒடித்துவிட்டது. ஓட்டியது என் தம்பி. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

பின்டயர் அளவு 8.3-20. எடை கூட டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியாகிவிட்டது, ஓரளவுதான் பலன். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) சேற்று வயலுக்குச் சரி, தார் ரோட்டில் ஓட்ட முடியாதே. அதனால் ஏணி மாதிரிக் குறுக்குச் சங்கிலி வாங்கி மாட்டினேன். குறுக்குச் சங்கிலிகள் டயர் பட்டன்களுக்கு (மேடான ரப்பர் கட்டைகளுக்கு) நடுவே உள்ள பள்ளத்தில் விழுந்துவிடுகின்றன, பிடிப்பே இல்லை. உள்பக்கம் மட்காட்டிலும் உரசுகிறது.

குறுக்குச் சங்கிலிகளை நெருக்கமாக வைத்தால் போதுமா, நடுவில் இணைப்புச் சங்கிலியும் போட வேண்டுமா? உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குகிறேன், அப்புறமும் தளர்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இதை அளவெடுத்துச் செய்து தரும் பட்டறை இருந்தால் சொல்லுங்கள். மாட்டிய படம் இருந்தால் அதையும் போடுங்கள்.