தாத்தா ஓட்டுப் போட்ட எம்.பி.

நான்: வெள்ளிக்கிழமை கல்லூரியில் பத்து நிமிடம் பேச வேண்டும். சென்னையின் எம்.பி. ஒருவரைப் பற்றி. தி.மு.க.வின் முரசொலி மாறனை எடுத்திருக்கிறேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது ஏதாவது தெரியுமா?

பெரியப்பா: எனக்கு எப்போதோ வந்த செய்தி, அப்படியே போடுகிறேன்: "நின்ற தேர்தலில் எல்லாம் வென்றவர் மாறன்."

தாத்தா: யார் கிளப்பிவிட்டது இதை? 77-ல் தோற்றாரே. இரு, கண்ணாடி எடுத்து வருகிறேன்.

அத்தை: போச்சு. இன்று யாருக்கும் தூக்கம் இல்லை.

தாத்தா: 1967-ல் எனக்கு 23 வயது. மயிலாப்பூரில் குடியிருந்தோம். அப்போது 21 ஆனால்தான் ஓட்டு, அதனால் எனக்கு அதுதான் முதல் தேர்தல். தென்சென்னையில் பார்லிமென்டுக்கு நின்றவர் அண்ணா.

தம்பி: அண்ணா முதலமைச்சர்தானே தாத்தா?

தாத்தா: அங்கேதான் விஷயம். அந்த முறை அவர் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. கட்சி ஜெயித்ததும் எம்.பி. பதவியை விட்டுவிட்டு முதலமைச்சர் ஆனார், அப்புறம் சட்ட மேலவைக்கு வந்தார். காலியான தென்சென்னைக்கு அதே வருடம் இடைத்தேர்தல். நிறுத்தியது மாறனை. பத்திரிகைக்காரர், சினிமாவுக்கு வசனம் எழுதியவர். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. ஜெயித்தார். 71-லும் அதே தொகுதியில் ஜெயித்தார்.

பெரியப்பா: கலைஞரின் அக்கா மகன் என்பதை விட்டுவிட்டீர்களே அப்பா.

தாத்தா: விடவில்லை, மூச்சு வாங்குகிறேன். அண்ணா இருக்கும்போது கிடைத்த சீட்டு அது. உறவும் கொஞ்சம் உதவியிருக்கும், சரி.

நான்: 77-ல் ஏன் தோற்றார்?

தாத்தா: எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தல். வடக்கே காங்கிரஸ் மண்ணைக் கவ்வியது, இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். இங்கே தலைகீழ். எம்.ஜி.ஆரும் காங்கிரசும் சேர்ந்த கூட்டணிக்கு 39-ல் 34. தென்சென்னையில் மாறனைத் தோற்கடித்தவர் ஆர். வெங்கட்ராமன்.

தம்பி: ஜனாதிபதியாக இருந்தாரே, அவரா?

தாத்தா: அவரேதான். பத்து வருடம் கழித்து ஜனாதிபதி.

அத்தை: அதற்கப்புறம் மாறன் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தாரா? 77 முதல் 95 வரை மாநிலங்களவைதான். வி.பி. சிங் ஆட்சியில் நகர்ப்புற வளர்ச்சி அமைச்சர் ஆனதும் அந்த வழியில்தான். அதையும் பேசு கண்ணு.

தாத்தா: சரி, பேசட்டும். 96-ல் திரும்ப நின்றார். தென்சென்னை இல்லை, மத்திய சென்னை. அதற்குள் நாமும் அண்ணா நகர் வந்துவிட்டோம். நான் வீடு மாறினேன், அவர் தொகுதி மாறினார், மறுபடி என் ஓட்டுச்சீட்டில் அவர் பெயர்! 96, 98, 99 மூன்றிலும் வெற்றி. 98-ஐ மட்டும் அழுத்திச் சொல். மாநிலத்தில் அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி 30 இடம் அள்ளிய வருடம். சென்னையின் மூன்று தொகுதியும் தி.மு.க.வுக்கே.

அத்தை: அடுத்த வருடமே அதே பா.ஜ.க.வோடு சேர்ந்து வாஜ்பாய் அமைச்சரவை!

அம்மா: அரசியல் போதும். மாவு யார் வாங்கி வருவது?

தம்பி: நான் இல்லை.

நான்: பெரியப்பா, தோஹா என்று ஒன்று படித்தேனே?

பெரியப்பா: ஏற்றுமதி கம்பெனியில் குப்பை கொட்டியவன், அது எனக்குத் தெரியும். 2001 நவம்பர், கத்தாரின் தலைநகர் தோஹாவில் உலக வணிக அமைப்பின் மாநாடு. மாறன் நம் வர்த்தக அமைச்சர். முதலீடு, அரசுக் கொள்முதல் போன்றவற்றையும் பேச்சுவார்த்தையில் சேர்க்க வேண்டும் என்று பணக்கார நாடுகள் நெருக்கின. இவர் அசையவில்லை. மாநாடே ஒரு நாள் நீண்டது. எல்லா நாடும் வெளிப்படையாகச் சம்மதித்தால்தான் அந்தப் பேச்சு தொடங்கும் என்று தலைமை வகித்த கத்தார் அமைச்சர் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். அவர் கட்சி எனக்கு ஆகாது. ஆனாலும் இதில் ஒரு கும்பிடு.

தாத்தா: 2003 நவம்பர் 23-ல் காலமானார். அப்போதும் மத்திய சென்னை எம்.பி., இலாகா இல்லாத அமைச்சர்.

நான்: தாத்தா, எல்லாத் தேர்தலிலும் அவருக்குத்தான் போட்டீர்களா? 77-லும்?

தாத்தா: ஓட்டு ரகசியம்.

பாட்டி: ஆர்.வி.க்குத்தான் போட்டார். சாவடியிலிருந்து வந்து ரசம் சாதம் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

தம்பி: தாத்தாாாா!

தாத்தா: பாட்டி போட்ட மெசேஜை நான் அழிக்க முடியுமா?