முதல் வருட கல்லூரி ஆட்டக்காரனின் எதிர்காலத்தை எதை வைத்துக் கணிப்பது?

ஆறாவது ஆள்:

நான் விடாமல் பார்க்கும் ஒரு என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிப் போட்டி) கூடைப்பந்து அணியில் முதல் வருடப் பையன் ஒருவன் இருக்கிறான். வயது 18, உயரம் 6 அடி 8 அங்குலம், நல்ல நீளமான கை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த அணியின் பக்கம் ஓடிவிடும், அதனால் பெயர் வேண்டாம். பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்துக்கு 18 நிமிடம் போல ஆடுகிறான், சராசரி 7 புள்ளி, மூன்று புள்ளி ஷாட் நூற்றுக்கு 29தான் விழுகிறது. தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் பத்துக்குள் வருவான் என்று சீசன் தொடங்கும் முன் சொன்னவர்கள் இப்போது அவன் பேச்சையே எடுப்பதில்லை. அந்த அணி ஆடும் கான்ஃபரன்ஸிலேயே (தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் குழு) 22 வயது நான்காம் வருட ஆட்டக்காரர் ஒருவர் 20 புள்ளி எடுக்கிறார், என்பிஏவுக்குத் தேறப்போவது அவர்தான் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான்.

எனக்கென்னவோ பையனிடம் ஏதோ இருக்கிறது என்றே படுகிறது. ஆனால் அந்த ‘ஏதோ’ என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எதைப் பார்த்து முடிவுக்கு வருகிறீர்கள்?

எண்ணிப்பார்:

முதலில் வயதைப் பாருங்கள். 18 வயதில் முற்றிய உடம்புக்காரர்களோடு மோதி ஆடுவது வேறு, 22 வயதில் சின்னப் பையன்களை இடித்துத் தள்ளி 20 புள்ளி எடுப்பது வேறு. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

அப்புறம் அந்த 29 சதவீதம். பெஞ்சிலிருந்து வரும் பையன் இதுவரை மொத்தம் 60 ஷாட் போட்டிருப்பானா? அதில் இன்னும் நாலு, ரிங்கைச் சுற்றி வெளியே போகாமல் உள்ளே விழுந்திருந்தால் 35ஐத் தொட்டிருக்கும். இவ்வளவு குறைந்த ஷாட்டை வைத்து ஒருவனுக்குக் குறி சரியில்லை என்று சொல்லவே முடியாது. ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். அங்கே யாரும் மறிப்பதில்லை, தூரம் மாறுவதில்லை, அவன் கை எப்படிப்பட்டது என்பது மட்டும்தான் தெரியும். கல்லூரியில் ஒருவன் வைத்திருக்கும் மூன்று புள்ளி சதவீதத்தைவிட, என்பிஏவில் அவன் எப்படி ஷூட் பண்ணுவான் என்பதை ஃப்ரீ த்ரோ நன்றாகவே காட்டுகிறது என்பதுதான் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் பலரின் முடிவு. பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான கவாய் லெனர்ட் சான் டியாகோ ஸ்டேட் கல்லூரியில் இரண்டு வருடமும் சேர்த்து மூன்று புள்ளியில் நூற்றுக்கு 25தான், ஆனால் ஃப்ரீ த்ரோவில் 75க்குப் பக்கம். என்பிஏவின் முதல் சீசனிலேயே மூன்று புள்ளியில் 37ஐத் தாண்டினார். அங்கே அவர் ஆடிய ஸ்பர்ஸ் அணியில் ஷூட்டிங் சொல்லிக்கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் திருத்தினால் திருந்தக்கூடிய கை என்று ஃப்ரீ த்ரோ முன்னமே சொல்லியிருந்தது.

உங்கள் பையன் ஃப்ரீ த்ரோ எவ்வளவு?

ஆறாவது ஆள்:

80க்குக் கொஞ்சம் கீழே. நல்ல கேள்வி, நான் அதைக் கவனித்ததே இல்லை.

பழைய பாயிண்ட் கார்டு:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் எண்ணில் ஏறாத விஷயம் நிறைய இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இந்த வயதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு முழு ஆட்டத்தை அந்தப் பையனை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். பந்து எங்கே போனாலும் உங்கள் கண் அவனை விட்டு நகரக்கூடாது. மூலையில் நிற்கும் அவனுக்குப் பாஸ் வருகிறது, டிஃபெண்டர் பாய்ந்து வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பிடித்த பிறகு யோசிக்கிறானா, பிடிக்கும் முன்பே முடிவு பண்ணிவிட்டானா? பந்தை ஒரே ஒரு முறை தரையில் தட்டி உள்ளே போய், பெரிய ஆள் தடுக்க ஒரு அடி எடுத்து வைத்ததுமே எதிர் மூலையில் தனியாக நிற்பவனுக்குத் தட்டிவிடுகிறானா? அங்கே நிற்பவன் ஷாட்டைத் தவறவிட்டால் ஸ்கோர் ஷீட்டில் உங்கள் பையனுக்கு ஒன்றும் ஏறாது. ஆனால் நான் முதலில் குறித்து வைத்துக்கொள்வது அதைத்தான். தாவுவதைக் கொஞ்சம் கூட்டலாம், உடம்பை நிறையவே ஏற்றலாம், ஷாட்டைத் திருத்தலாம். அடுத்தவன் எங்கே நகரப்போகிறான் என்று அரை நொடி முன்னால் தெரிகிற கண்ணை 20 வயதுக்கு மேல் யாருக்கும் பெரிதாகச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

டிஃபென்ஸிலும் அப்படித்தான். தன் ஆளை மட்டும் ஒட்டிக்கொண்டு ஓடுகிறானா, பிக் அண்ட் ரோல் (ஒருவன் டிஃபெண்டரை மறித்து நின்றுவிட்டு ரிங்கை நோக்கி ஓடும் ஆட்டம்) வரும்போது வாயைத் திறந்து பின்னால் இருப்பவனுக்குக் குரல் கொடுக்கிறானா? 18 வயதில் வாய் திறக்கிற பையன்கள் ரொம்பக் குறைவு. அப்புறம், பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று நொடி. கையை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா?

பெஞ்ச், குறைந்த புள்ளி என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். பின்னாளில் என்பிஏ நட்சத்திரங்களான மூன்று பேரைப் பாருங்கள். டெவின் புக்கர் கென்டக்கியில் ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐந்தில் இறங்கியதில்லை, சராசரி 10 புள்ளி. ரசல் வெஸ்ட்புரூக் யூசிஎல்ஏவில் முதல் வருடம் எடுத்தது 3.4. டைரிஸ் ஹாலிபர்ட்டன் அயோவா ஸ்டேட்டில் முதல் வருடம் 6.8, ஆனால் பந்தைக் கைவிடவே மாட்டார், யாருக்கு எப்போது தர வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. கோச் கொடுத்த வேலை சின்னதாக இருக்கலாம், அதை எப்படிச் செய்கிறான் என்று பாருங்கள்.

நானும் தவறியிருக்கிறேன். புள்ளி எடுக்காத ஒரு பையனை ஒரு வருடம் முழுக்க ஓரமாக உட்கார வைத்தேன். மற்றவர்கள் ஷாட்டுக்கு வழி பிறந்ததே அவன் டிஃபெண்டரை மறித்து நின்று வைத்த ஸ்கிரீனால்தான் என்று, அவன் வேறு அணிக்குப் போன பிறகு பழைய வீடியோவைப் பார்த்துத்தான் புரிந்தது. இன்றுவரை மனசு கேட்கவில்லை.

நாலாம் வருடம்:

வயதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். டேமியன் லில்லார்ட் வீபர் ஸ்டேட்டில் நாலு வருடம் ஆடிவிட்டு 2012 டிராஃப்டில் 6வது ஆளாகப் போனார், மறுவருடமே சிறந்த புதுமுகம். அதே டிராஃப்டில் நாலு வருடம் முடித்த ட்ரேமண்ட் கிரீன் 35வது. வில்லனோவாவில் இரண்டு முறை சாம்பியன் ஆன ஜேலன் பிரன்சன் 2018இல் 33வது. இரண்டு பேரும் பிறகு என்பிஏவில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். இளசு என்று எடுத்த ஆந்தனி பென்னட் 2013இல் முதல் ஆள், என்பிஏவில் நாலே சீசன்.

எந்தத் திறமை மேலே போனாலும் செல்லும் என்பதுதான் என் கேள்வி. 2011 டிராஃப்டை எடுங்கள். ஜிம்மர் ஃப்ரெடெட் கல்லூரியில் அந்த வருடம் சராசரி 28.9 புள்ளி, நாட்டிலேயே முதலிடம், 10வது ஆளாகப் போனார், நிலைக்கவில்லை. 15வதாக லெனர்ட். 30வதாக ஜிம்மி பட்லர், ஜூனியர் காலேஜிலிருந்து (இரண்டு வருடக் கல்லூரி) மார்க்வெட் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வருடம் 6 புள்ளிகூட எடுக்காதவர். பந்து முழுக்கத் தன் கையில் இருந்தால்தான் ஃப்ரெடெட்டால் ஆட முடிந்தது, அந்த வசதியை என்பிஏவில் எத்தனை பேருக்குத் தருவார்கள்? மற்ற இரண்டு பேரும் எதிரணியின் சிறந்த ஆளைப் பிடித்துக்கொண்டே மெல்ல ஏறி நட்சத்திரங்கள் ஆனார்கள். ஆறாவது ஆள், உங்கள் நண்பர் சொல்லும் 22 வயதுக்காரரையும் இதே கேள்வியை வைத்துப் பாருங்கள், வயதைச் சொல்லி ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று, கல்லூரியில் டிஃபென்ஸ் ஆள் ரிங்குக்குக் கீழேயே கூடாரம் போட்டு நிற்கலாம், என்பிஏவில் யாரையும் மறிக்காமல் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் நெரிசலில் முட்டி நிற்கிற சிலருக்கு அங்கே வழி திறக்கும்.

எண்ணிப்பார்:

ஒத்துக்கொள்கிறேன். பட்லரை நான் கணக்கில் எடுத்திருக்க மாட்டேன்.

ஒரு சேர்க்கை. அவசரமும் முன்பு போல இல்லை. பெயரை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்கள் சம்பாதிக்க 2021 ஜூலையில் அனுமதி வந்த பிறகு, இரண்டாம் வருடமும் தங்கி ஆடுவது பலருக்குக் கையைக் கடிக்கும் முடிவு இல்லை. இவனும் இன்னொரு வருடம் இருந்தால் நல்லது, பெரிய வேலை கிடைக்கும் அணியாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆறாவது ஆள்:

எல்லோருக்கும் நன்றி. பயிற்சியாளர் சொன்னபடி நேற்று ராத்திரி ஒரு பழைய ஆட்டத்தை அவனை மட்டும் பார்த்து முடித்தேன்.

மூன்று தடவை தன் ஆளை விட்டுவிட்டு, ரிங்குக்குக் கீழே வரப்போகிறவனை முன்கூட்டியே போய் மறித்தான், அதில் இரண்டு தடவை பந்து அந்தப் பக்கமே வரவில்லை. நானும் இதுவரை அதைக் கவனிக்கவில்லை. பாஸ் கொடுப்பதில் நான் நினைத்த அளவுக்கு இல்லை, பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் நிற்கிறான், அதற்குள் வழி மூடிவிடுகிறது. டிஃபென்ஸில் வாய் திறக்கிறான், ஒருமுறை மூத்த ஆட்டக்காரரின் பனியனைப் பிடித்து இழுத்து இடம் மாற்றி நிறுத்தினான்.

நண்பனின் ஆளையும் இப்படியே பார்க்கப் போகிறேன். சனிக்கிழமை இரண்டு பேரும் நேருக்கு நேர் ஆடுகிறார்கள்.