ஹாஷ் பொருந்தவில்லை எண்டு வருது, நாளண்டைக்கு நேர்முகம்

கல்லடியான்:
வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒண்டில தொலைக்கல்வி டிப்ளோமா முடிச்சன். கடதாசிச் சான்றிதழோட ஜேசன் எண்ட வகை எழுத்துக் கோப்பு ஒண்டும் அனுப்பினாங்க, பிளாக்சேர்ட்ஸ் எண்ட டிஜிட்டல் சான்றிதழ் முறையாம். நாளண்டைக்குக் கொழும்பில நேர்முகம், அந்தக் கோப்பைத்தான் கேக்கிறாங்க. சரிபார்க்கிற பக்கத்தில ஏத்தினா சிவப்புக் குறி, ஹாஷ் பொருந்தவில்லையாம். போன கிழமை பச்சைதான் வந்தது. நான் ஒண்டும் செய்யல்ல.

வாவிக்கரை:
ஒண்டும் செய்யல்லையா? நோட்பேட்டில திறந்து பார்த்தீங்களா தம்பி?

கல்லடியான்:
திறந்தன் அண்ணே. அப்பாட இனிஷியல் அடையாள அட்டையில 'சீ', அவங்க 'எஸ்' எண்டு போட்டிருந்தாங்க. அந்த ஒரு எழுத்தை மாத்தி சேவ் பண்ணினன், அவ்வளவுதான்.

வாவிக்கரை:
அவ்வளவுதானா! கள்ளச் சான்றிதழ் அடிக்கிறவனும் அதைத்தானே செய்வான், மென்பொருளுக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான்.

உங்கட பேரோ புள்ளியோ பிளாக்செயினில, அதாவது எழுதினதை லேசில மாத்தேலாத பொதுப் பதிவுச் சங்கிலியில, இல்ல. கோப்பை எஸ்எச்ஏ-256 எண்ட கணக்கு முறையில போட்டா 64 எழுத்தில ஒரு கைரேகை வரும், அதுதான் ஹாஷ். ஒரே தொகுதியில குடுத்த எல்லாருடைய கைரேகையையும் ரெண்டு ரெண்டாச் சேர்த்துக்கொண்டு போய், கடைசியா மிஞ்சிற ஒரே கைரேகையை, 'மேர்க்கல் வேர்' எண்டிறதை, மட்டும்தான் சங்கிலியில எழுதுவாங்க. எழுத்து ஒண்டு மாறினாலும் கைரேகை முழுக்க வேறயாப் போயிரும். விபரங்களுக்கு வெளியில இருக்கிற இடைவெளி, வரி முறிவு மாறினாப் பரவாயில்ல, கணக்கிடமுதல் அதுகளை ஒழுங்காக்கிப் போடும்.

அவங்க அனுப்பின மின்னஞ்சல்ல இருந்து கோப்பைத் திரும்ப இறக்குங்க. பேர் திருத்திறதெண்டா அவங்கதான் பழசை ரத்துப் பண்ணி, புதுசு குடுக்கோணும்.

ஏறாவூர் வாசி:
இது என்ன புதுப் பாஷனா?

வாவிக்கரை:
புதுசில்ல. அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழகம் 2017லயே 111 பட்டதாரிகளுக்கு இப்பிடிக் குடுத்துப் பார்த்தது.

கல்முனை அக்கா:
ஆட்சேர்ப்பில வேலை செய்யிறவள் சொல்றன் தம்பி. பச்சைக் குறி வந்தா, கோப்பு மாறல்ல, குடுக்கிறவங்க கையெழுத்துக்குப் பாவிக்கிற இரகசிய டிஜிட்டல் திறப்பை வைச்சிருக்கிறவங்கதான் தந்தது எண்டு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு அறைக்குள்ள நடக்கிற 'பல்கலைக்கழகமும்' பட்டத்தைச் சங்கிலியில ஏத்தலாம், அதுவும் பச்சைதான் காட்டும்! அதால அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கா எண்டு தனியாப் பார்ப்பம். இனிஷியலுக்கு சமாதான நீதவானிட்ட ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு, கோப்போட சேர்த்துக் குடுங்க. மறைக்கப் போனாத்தான் சந்தேகம் வரும்.

கல்லடியான்:
திரும்ப இறக்கினன், பச்சை வந்திட்டு! 'எஸ்' அப்பிடியே கிடக்கு. பேர் திருத்தச் சொல்லி அவங்களுக்கும் எழுதிட்டன். விடிய சமாதான நீதவான் வீட்டுக்குப் போய்ட்டு, மறுகா இரவு பஸ் ஏறுறன்.