மகன் பெயருக்கு வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதலாமா, உயிலே போதுமா?

கேள்வி: திருச்சி ஓய்வூதியர்

எனக்கு வயது 69, மனைவிக்கு 64. என் சுயசம்பாத்தியத்தில் கட்டிய வீடு என் பெயரில் மட்டுமே இருக்கிறது; அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புப்படி கட்டடத்தையும் சேர்த்து 48 லட்சம் ரூபாய் வரும். எங்களோடு வசிக்கும் மகன், மாடி எடுக்க வங்கிக் கடன் வாங்கவேண்டும் என்பதால், வீட்டை இப்போதே செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் உறவினருக்குச் சொத்தை எழுதித் தரும் பத்திரம்) மூலம் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்கிறான். கோவையில் இருக்கும் மகள் தனக்கு எதுவும் வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறாள். மகன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை; ஆனாலும் பத்திரத்தில் கையெழுத்திட மனம் தயங்குகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஆவண எழுத்தர்

ஐயா, செலவு பெரிதன்று. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்; 2023 ஜூலையில் உச்சவரம்பை முறையே 40,000, 10,000 ரூபாய் ஆக்கினார்கள். தங்கள் வீட்டுக்கு இரண்டிலும் உச்சவரம்பே பொருந்துவதால் மொத்தம் 50,000 ரூபாய் ஆகும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே இல்லை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படியன்று: பதிவாகி மகன் ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு தாங்கள் ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுத முடியாது.

பதில் 2: வழக்கறிஞர்

எழுதத்தான் வேண்டுமென்றால் இரண்டு வாசகங்களை விடாதீர்கள். முதலாவது, தங்களுக்கும் தங்களுக்குப் பின் அம்மாவுக்கும் ஆயுட்கால அனுபவ உரிமை, அதாவது உயிருள்ளவரை அந்த வீட்டில் வசித்து அனுபவிக்கும் உரிமை. வீடு கணவர் பெயரில் இருக்கும் பல பத்திரங்களில் மனைவியைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. கணவர் மறைந்தபின் அந்த மனைவி, மகன் வீட்டில் விருந்தாளி ஆகிவிடுகிறார். இரண்டாவது, மகன் இருவரையும் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கலாம். நிபந்தனை இல்லாமல், வெறும் அன்பினால் எழுதித் தந்ததை இந்தப் பிரிவின்கீழ் ரத்து செய்ய இயலாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொண்டது. எப்படியிருந்தாலும், தீர்ப்பாயத்தில் வாதாடுவதைவிடப் பத்திரத்தில் இரண்டு வரி எழுதுவது எளிது.

ஒன்று கவனிக்க வேண்டும்: மகன் அந்த வீட்டை அடமானம் வைக்கும்போது வங்கி தங்கள் இருவரின் கையெழுத்தையும் கேட்கக்கூடும். கையெழுத்திட்டால், ஆயுட்கால உரிமையும் அந்தக் கடனுக்குப் பிணையாகிவிடும்.

பதில் 3: மதுரை வாசகி

எங்கள் அப்பா நிபந்தனையில்லாமல் எழுதிக் கொடுத்தார். அண்ணன் நல்லவர்தான், அவருடைய தொழில் நொடித்ததில் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே பிள்ளையின் குணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் ஐயா. மகளையும் நேரில் உட்காரவைத்துப் பேசுங்கள். "வேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்வது பல நேரம் வருத்தத்தை மறைப்பதற்காகத்தான்.

திருச்சி ஓய்வூதியர்

மூவருக்கும் நன்றி. கடன்தான் காரணமென்றால், வீடு என் பெயரிலேயே இருக்க, என்னையும் சேர்த்துக் கடன் கிடைக்குமா என்று முதலில் வங்கியில் விசாரிக்கிறேன். மகள் பொங்கலுக்கு வருகிறாள். அதற்கு முன்பு எதிலும் கையெழுத்திடப் போவதில்லை. மனைவியின் பெயரைச் சேர்ப்பது பற்றி, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.