டவர் கண்ணுக்குத் தெரிகிறது, சேனல் மட்டும் வரமாட்டேன் என்கிறது!

மலையடிவாரம் கேட்டது:

பென்சில்வேனியாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்திருக்கிறோம். கேபிளை நிறுத்திவிட்டு, ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனா ஒன்றை வாங்கி மாட்டினேன். இருபது மைல் தள்ளியிருக்கும் பெரிய நிலையங்கள் பளிச்சென்று வருகின்றன. எங்கள் ஊரிலேயே டவர் வைத்திருக்கும் லோ பவர் நிலையம் (குறைந்த சக்தியில் ஒளிபரப்பும் சின்ன நிலையம்)தான் தகராறு. டிவியில் 45.1 என்று காட்டும். பையனின் பள்ளி ஃபுட்பால், ஊர் கவுன்சில் கூட்டம் எல்லாம் அதில்தான். பகலில் ஓரளவு தெரிகிறது. இருட்டினால் கட்டம் கட்டமாக உடைந்து, ‘சிக்னல் இல்லை’ என்று நின்றுவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் டவரின் சிவப்பு விளக்கு தெரிகிறது ஐயா! சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கலாமா?

குட்டிச்சுவர்:

லோ பவர் என்று பெயரிலேயே இருக்கிறதே. பூஸ்டர் போடுங்கள், சரியாகிவிடும்.

பழையமோடுலேட்டர்:

பூஸ்டர் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இப்படியொரு நிலையத்தில் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. இன்று அமெரிக்காவில் எந்த நிலையமும் 45ஆம் சேனலில் ஒளிபரப்ப முடியாது. டிவிக்கு 36 வரைதான் இடம். 37ஐ வானொலி வானியலுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 38 முதல் 51 வரை இருந்த இடத்தின் பெரும்பகுதியை 2017இல் முடிந்த ஏலத்தில் எஃப்சிசி (அலைவரிசைகளுக்கு உரிமம் தரும் அமெரிக்க அரசு ஆணையம்) செல்போன் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டது. வசூல் 1,980 கோடி டாலர். ஆகவே 45 என்பது பழைய பெயர்ப்பலகை. டிஜிட்டல் சிக்னலோடு ஒரு அட்டவணையும் வரும். அதில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதைத்தான் டிவி காட்டும். நிலையம் வேறெங்கோ குடிபெயர்ந்து பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

அப்படி ஏன் போக வேண்டும் என்றால், லோ பவர் நிலையம் சட்டப்படி திண்ணையில் படுத்திருப்பவர் மாதிரி. வீட்டுக்காரருக்கு இடம் வேண்டுமென்றால் எழுந்திருக்க வேண்டியதுதான். 1982இல் இந்தச் சேவையைத் தொடங்கியதிலிருந்தே இரண்டாம் தரம்: பெரிய நிலையத்துக்கு இடைஞ்சல் கொடுக்கக் கூடாது, அது கொடுக்கும் இடைஞ்சலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஏலத்தில் சேனலை விட்டுக்கொடுத்துப் பணம் வாங்கும் வாய்ப்பு முழு சக்தி கொண்ட பெரிய நிலையங்களுக்கும், 1999 சட்டத்தால் பாதுகாப்புப் பெற்ற ‘கிளாஸ் ஏ’ வகைக்கும்தான். மற்ற லோ பவர்காரர்கள் வேறு சேனல் தேடி ஓடினார்கள். ஊர்ச் செய்தி சொல்வது பெரும்பாலும் இவர்கள்தான், கடைசி வரிசையும் இவர்களுக்குத்தான்.

சரி, டிவி நிலையங்களின் விவரம் தரும் ‘ராபிட் இயர்ஸ்’ (RabbitEars) தளத்தில் உங்கள் ஊரைப் போட்டுப் பாருங்கள். ஆர்எஃப் சேனல், அதாவது சிக்னல் உண்மையில் வரும் சேனல், என்ன என்று இங்கே எழுதுங்கள். அப்புறம் இன்னொன்று: இருட்டினதும் வீட்டில் எந்தெந்த விளக்கைப் போடுவீர்கள்?

மலையடிவாரம்:

ஆர்எஃப் 9 என்று போட்டிருக்கிறது. நிலையத்தின் பெயரின் கடைசியில் ‘எல்டி’ இருக்கிறது. விளக்கா? டிவிக்குப் பக்கத்திலேயே அடுக்களை, அங்கே எல்இடி பட்டை விளக்கு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழையமோடுலேட்டர்:

நினைத்தேன். ‘எல்டி’ என்றால் லோ பவர் டிஜிட்டல். 9 என்பது விஎச்எஃப் என்ற நீளமான அலைகள் கொண்ட பகுதியில் இருக்கிறது, 186 முதல் 192 மெகாஹெர்ட்ஸ். அலை நீளம் சுமார் 1.6 மீட்டர். அதில் பாதி, 80 சென்டிமீட்டர் நீளமாவது ஆன்டெனாவுக்கு இருந்தால் நல்லது. நீங்கள் வாங்கிய தட்டை அட்டை, அதைவிடக் குட்டையான அலைகள் கொண்ட யுஎச்எஃப்புக்கு அளவெடுத்தது. பெட்டியில் ‘விஎச்எஃப்’ என்றும் அச்சடித்திருப்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சக்தியைப் பாருங்கள். முழு சக்தி யுஎச்எஃப் நிலையம் 1,000 கிலோவாட் வரை வீசலாம். லோ பவருக்கு யுஎச்எஃப்பில் 15, விஎச்எஃப்பில் வெறும் 3 கிலோவாட்தான் உச்சவரம்பு. ஆனாலும் டவர் தெரிகிற தூரத்துக்கு 3 கிலோவாட் தாராளம். உங்களுக்குச் சிக்னல் குறைவு என்பதைவிட மின் இரைச்சல் அதிகம் என்பதுதான் என் சந்தேகம். மலிவான எல்இடி விளக்கின் மின்சுற்று, போன் சார்ஜர் எல்லாம் இந்த அலைவரிசையில்தான் குப்பை கொட்டும். யுஎச்எஃப் அவ்வளவாகப் பாதிக்கப்படாது, அதனால்தான் பெரிய நிலையங்கள் தப்பிக்கின்றன. பழைய அனலாக்கில் புள்ளி புள்ளியாகத் தெரிந்திருக்கும், முகமாவது பார்க்கலாம். டிஜிட்டலில் ஒரு எல்லைவரை முழுப்படம், அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. பூஸ்டர் போட்டால் குப்பையும் சேர்ந்து பெரிதாகும், பக்கத்து டவரின் சிக்னல் பூஸ்டரைத் திணறடிக்கவும் செய்யும்.

முதலில் அந்த விளக்கை அணைத்துவிட்டு டிவியின் மெனுவில் சிக்னல் தரம் ஏறுகிறதா பாருங்கள். ‘வலு’ என்று வேறொரு கோடு இருக்கும், அதை விட்டுவிடுங்கள். அப்புறம் பழங்காலத்து முயல் காது ஆன்டெனா ஒன்று வாங்கி, இரண்டு குச்சியையும் படுக்கை வாட்டத்தில் ஆளுக்கு 38 சென்டிமீட்டர் நீட்டி, குச்சிகள் டவருக்குக் குறுக்காக நிற்கும்படி வையுங்கள். ஜன்னலோரம் மாடியில் இருந்தால் இன்னும் நல்லது.

மலையடிவாரம்:

விளக்கை அணைத்ததுமே தரம் குதித்து ஏறியது, வீட்டம்மா நம்பவே இல்லை! முயல் காதும் வந்துவிட்டது. இப்போது விளக்கு எரிந்தாலும் படம் நிற்கிறது. நேற்றைய ஆட்டத்தை முழுதாகப் பார்த்தோம், எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். ஒரு சந்தேகம்: இந்தச் சேனல் கேபிளில் ஏன் வரவே இல்லை?

இரவல்ரிமோட்:

பெரிய நிலையம் ‘என்னைக் காட்டியே ஆக வேண்டும்’ என்று கேபிள்காரரைக் கேட்கலாம். லோ பவருக்கு அந்த உரிமை மிகச் சில நிலைமைகளில்தான். மற்றபடி பேசிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் விசாரித்து வையுங்கள். ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய டிஜிட்டல் ஒளிபரப்பு முறைக்கு மாறும்போது பழைய முறையையும் கூடவே ஓட்ட வேண்டும் என்ற விதி லோ பவருக்குக் கிடையாது. ஒரே ராத்திரியில் மாறிவிடலாம். உங்கள் நிலையத்துக்கு அப்படி யோசனை இருந்தால் டிவியில் 3.0 டியூனர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். சின்ன நிலையம்தானே, போன் செய்தால் இன்ஜினியரே எடுப்பார்.