ஹெச்-இண்டெக்ஸ் 150: துகள் இயற்பியல்காரரை எப்படி எடை போடுவது? (செக்காலை ரோடு, கோவிலூரான், ஆத்தங்குடி கல் என்ற புனைபெயர்களில் மூவர் பேசுகிறார்கள்)

செக்காலை ரோடு:
காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியலுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒருவர் ஜெனிவா பக்கத்தில் உள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில், சிஎம்எஸ் என்ற பெரிய சோதனைக் குழுவின் உறுப்பினர். ஆயிரம் பேப்பருக்கு மேல், ஹெச்-இண்டெக்ஸ் 150, அதாவது 150 பேப்பர்கள் தலா 150 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டவை. இன்னொருவர் பேட்டரிப் பொருள்களில் வேலை செய்தவர், நம்ம ஊர் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி பாணி. 40 பேப்பர், ஒவ்வொன்றிலும் நாலைந்து பெயர், ஹெச் 18. "150 எங்கே, 18 எங்கே" என்று பேச்சு ஓடுகிறது. அந்த 150ஐத் தனி மனிதர் கணக்கில் வைக்கவே கூடாது என்கிறேன்.

2012இல் ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பை அறிவித்த அட்லஸ் (செர்னின் இன்னொரு குழு), சிஎம்எஸ் பேப்பர்களில் தலா ஏறத்தாழ 2,900 பெயர். 2015இல் இரண்டு குழுவும் சேர்ந்து ஹிக்ஸ் நிறையை வெளியிட்ட பேப்பரில் 5,154 பெயர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான். பெயர்கள் அகர வரிசையில் இருப்பதால் முதல் பெயர் யாருடையது என்பதற்கும் அர்த்தமில்லை. குழுவுக்குள் ஒரே வருஷம் சேர்ந்த இரண்டு பேரின் ஹெச் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அது ஆளின் திறமையைக் காட்டவில்லை, சர்வீஸ் எத்தனை வருஷம் என்பதைத்தான் காட்டுகிறது.

கோவிலூரான்:
அப்ப என்ன, 2,900ஆல் வகுக்கணுமா? 10,000 சைட்டேஷன், அதாவது மேற்கோள், வாங்கின பேப்பருக்குத் தலைக்கு 3.4. நல்லா இருக்கே நியாயம்! சிஎம்எஸ்ஸில் காந்தச் சுருளுக்கு வெளியே இருக்கிற ஹாட்ரான் கலோரிமீட்டரை, அதாவது துகள்களின் ஆற்றலை அளக்கிற கருவியை, மும்பை டாட்டா ஆய்வு நிறுவனமான டிஐஎஃப்ஆரும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் கட்டின. முன்னால் இருக்கிற பிரீஷவர்ங்கிற கருவிப் பகுதிக்கு சிலிக்கான் சென்சார் இங்கேயிருந்து போச்சு. அதைக் கட்டினவன், காலிபரேட் பண்ணினவன், ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் இல்லாம எந்த அனாலிசிஸும் நடக்காது. கானாடுகாத்தான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைச்சவனும் சேர்ந்துதானே அந்தச் சுவர்.

செக்காலை ரோடு:
சேர்ந்துதான், யார் இல்லை என்றது? ஆனால் அவர் தச்சு வேலை கேட்டு வந்தால் எந்த நிலைக்கதவு உங்கள் கை என்று கேட்போமா மாட்டோமா?

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளே சாட்சி. இரண்டு பேருக்கு மேல் எழுதினால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். இம்பேக்ட் ஃபேக்டர் (இதழின் பேப்பர்கள் சராசரியாக வாங்கும் மேற்கோள்) 2க்கும் 5க்கும் நடுவில் உள்ள இதழ் என்றால் 20 புள்ளி. அதில் 30 சதவீதம் 6. நாலாவது ஆசிரியருக்கும் 6, 2,900ஆவது ஆசிரியருக்கும் 6. பேராசிரியர் பதவிக்கு நேரடி நியமனத்தில் கேட்கும் ஆராய்ச்சி மதிப்பெண் 120, அதாவது 20 பேப்பர். சிஎம்எஸ் 2020இலேயே ஆயிரமாவது பேப்பரைத் தாண்டியது. வருஷத்துக்கு நூறு என்று வைத்தால் மூணு மாசத்துக்குள் 120 வந்துவிடும். பேட்டரிக்காரர் அதே 120க்கு எத்தனை செல் கட்டி, எத்தனை சுற்று சார்ஜ் ஏற்றி இறக்க வேண்டும்!

ஆத்தங்குடி கல்:
அண்ணே, சண்டை இருக்கட்டும், பார்க்கிற முறையைச் சொல்லிடுறேன். கூகுள் ஸ்காலரை விடுங்க, துகள் இயற்பியல் பேப்பர்களைத் தேட இன்ஸ்பையர்ங்கிற தளம்தான். ஆள் பக்கத்துக்குப் போய்ப் பேப்பர் பட்டியலைத் திறந்தா, ஆசிரியர் எண்ணிக்கைன்னு ஒரு வடிகட்டி இருக்கும். "10 பேர் அல்லது குறைவு" போடுங்க. ஆயிரம் பேப்பர் பத்து இருபதா சுருங்கும். அப்புறம் "சுய மேற்கோள் நீக்கு". இதைச் செய்யாம விடக் கூடாது. 2008இல் வந்த சிஎம்எஸ் கருவி விளக்கப் பேப்பரை அவங்களோட ஒவ்வொரு பேப்பரும் சைட் பண்ணும். அதிலேயே ஆயிரத்துக்கு மேல சொந்தக் கணக்கு.

மிஞ்சுறதுல பெரும்பாலும் ஒற்றைப் பெயர் மாநாட்டுக் கட்டுரைங்க இருக்கும், "சிஎம்எஸ் குழு சார்பில்"னு போட்டு. மேலோட்டமாப் பார்த்து அதைச் சொந்த ஆராய்ச்சின்னு எண்ணிடாதீங்க. குழு முடிவை மேடையில சொல்ல இவரை அனுப்பினாங்க, அவ்வளவுதான். அதுவும் ஒரு தகவல்தான்.

பெயர்க் குழப்பம் வேற. நம்ம பக்கம் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்போம். மெய்யப்பன், சிதம்பரம், லெட்சுமணன் எத்தனை பேர்! இனிஷியல் அப்பா பேரா, ஊர்ப் பேரா, எது குடும்பப் பேர்னு வெளிநாட்டுத் தளத்துக்குப் புரியாம ஒரே ஆள் ரெண்டாப் பிரிவார், ரெண்டு ஆள் ஒண்ணாச் சேருவாங்க. ஆராய்ச்சியாளருக்கு ஆளுக்கு ஒண்ணா இருக்கிற ஆர்கிட் அடையாள எண் கேட்டு வாங்குங்க.

கோவிலூரான்:
பத்துப் பேருக்குக் குறைவுன்னு வடிகட்டினா தரம் தெரிஞ்சிடுமா? 2015 டிசம்பர்ல செர்ன் டேட்டாவில், ரெண்டு ஃபோட்டான் வெளிவர்ற நிகழ்வுகள்ல 750 ஜிஇவி ஆற்றல் கிட்ட ஒரு மேடு தெரிஞ்சுது, புதுத் துகளோன்னு. எட்டு மாசத்துல சுமார் 500 தியரி பேப்பர், பெரும்பாலும் சில பேர் மட்டும் எழுதினது, ஒண்ணை ஒண்ணு சைட் பண்ணிச்சு. 2016 ஆகஸ்ட்ல கூடுதல் டேட்டா வந்ததும் மேடு மறைஞ்சுது. சைட்டேஷன் மட்டும் அப்படியே நிக்குது. எதிர்ப்பக்கம், மின்காந்த விசையையும் வலுவற்ற விசையையும் இணைச்ச வெயின்பர்க்கின் 1967 பேப்பர் மூணே பக்கம். 1971இல் அந்த மாதிரிக் கோட்பாடு கணக்குக்கு நிக்கும்னு த ஹூஃப்ட் காட்டுற வரைக்கும் யாரும் சீந்தலை. வகுத்தாலும் பெருக்கினாலும் எண் எண்தான்.

பல்கலைக்கழகத் தர வரிசைக்காரங்களே இதுல தடுமாறினாங்க. 2013இல் டைம்ஸ் உயர்கல்விப் பட்டியல்ல பஞ்சாப் பல்கலைக்கழகம் இந்தியாவில் முதலிடம் வந்ததுக்கு செர்ன் சைட்டேஷன் பெரிய காரணம். 2015இல் 1,000 பேருக்கு மேல உள்ள பேப்பரையே தூக்கிட்டாங்க. மறுவருஷம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் குறைந்தது 5 சதவீதப் பங்குன்னு திரும்பச் சேர்த்தாங்க.

செக்காலை ரோடு:
ஹெச்சை உருவாக்கிய ஹிர்ஷே 2005 கட்டுரையில், இணை ஆசிரியர் எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டால் சரிக்கட்டலாம் என்றுதான் எழுதினார். துறைக்குள் ஒப்பிடுங்கள், துறை தாண்டி வேண்டாம். 150ஐ அழிக்கச் சொல்லவில்லை. 18க்குப் பக்கத்தில் அதை எழுதாதீர்கள்.

ஆத்தங்குடி கல்:
அப்ப பக்கத்தில் எதை எழுதுறது? முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பாருங்க, செர்ன் ஆவணக் களஞ்சியத்தில் பொதுவில் கிடைக்கும். எந்தச் சானல் (துகள் சிதையும் வழி), பின்னணி மதிப்பீடு யார் செய்தது, ட்ரிகர் (எந்த மோதலைப் பதியணும்னு தேர்ந்தெடுக்கிற அமைப்பு) திறன் எப்படி அளந்தார்னு அதில் தெரியும். குழுவின் உள் குறிப்புகளில்தான் உண்மையா உழைச்ச பத்திருபது பேர் பெயர் இருக்கும். ஆனா அது வெளியாட்களுக்குத் திறக்காது.

கோவிலூரான்:
திறக்காதுன்னா அனாலிசிஸ் குழுத் தலைவர்கிட்ட கடிதம் கேளுங்க. எந்த உள் குறிப்பு, அதில் இவர் பங்கு என்ன, எந்த டிடெக்டர் வேலை, எத்தனை மாசம்னு நாலு வரி. அதை வாங்காம தியரிக்காரனுக்கும் பேட்டரிக்காரனுக்கும் உள்ள அளவுகோலை வச்சு ஆளைத் தள்ளினா ஒத்துக்க மாட்டேன்.

செக்காலை ரோடு:
கடிதம் வரட்டும். பேட்டரிக்காரரிடமும் அதே நாலு வரி கேட்க வேண்டும். ஐந்து பெயர் பேப்பரிலும் சாம்பிள் மட்டும் கொடுத்த பெயர் ஒன்று இருக்கும்.