பாக்கின் 5வது செல்லோ சூட்: கிட்டாருக்கு எந்த மூலத்தை நம்பலாம்?

சாட்ஸ்வொர்த்_ஆறுதந்தி:
எல்லாருக்கும் வணக்கம். டர்பனிலிருந்து கேட்கிறேன். பாக்கின் 5வது செல்லோ சூட்டைக் (நடன இசைத் தொகுப்பு) கிளாசிக்கல் கிட்டாருக்கு மாற்றப் பார்க்கிறேன். நெட்டில் கிடைத்த மூன்று பிடிஎஃப்பும் மூன்று விதம். சரி, பழைய கையெழுத்துக்கே போவோம் என்று பாக்கின் மனைவி அன்னா மக்டலேனா எழுதிய நகலைப் பார்த்து மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் அடித்தால், மேல்ஸ்தாயி நோட்டெல்லாம் அபஸ்வரமாகக் கேட்கிறது. நகலில் பிழையா?

பீனிக்ஸ்_செல்லோ:
பிழையில்லை. இந்தச் சூட்டுக்கு மட்டும் செல்லோவின் ஏ தந்தியை ஜி-க்கு இறக்கிச் சுருதி சேர்க்க வேண்டும். நகலில் இருப்பது விரல் வைக்கும் இடம். அந்தத் தந்தியில் ஒலிப்பது ஒரு டோன் கீழே. முதல் தந்தி நோட்டுகளை மட்டும் இறக்குங்கள். மொத்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து டிரான்ஸ்போஸ் கொடுத்தால் மற்ற மூன்று தந்தியும் கெட்டுவிடும். கார்டு வரும் இடங்களில் எந்த நோட்டு எந்தத் தந்தி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. செல்லோ சூட்டுகளுக்குப் பாக்கின் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. அன்னா மக்டலேனாவின் ஸ்லர்கள் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடுகள்) எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதும் தெளிவாக இருக்காது; பதிப்புக்குப் பதிப்பு ஸ்லர் மாறுவது அதனால்தான்.

லூட்_மெரீன்பரேட்:
கிட்டாருக்கென்றால் அந்தப் பாடே வேண்டாம் தம்பி. இதே சூட்டைப் பாக் லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்துக்கு மாற்றித் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: பாக் படைப்புப் பட்டியலில் பிடபிள்யூவி 995, ஜி மைனர். பிரதி பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்தில். ஸ்கேன் ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இசைத்தாள் தளத்தில் உண்டு. பாஸ் வரிசை செல்லோவில் இருப்பதைவிட நிறைவானது. ஒரு டோன் ஏற்றி ஏ மைனரில் வையுங்கள். அடிமட்ட ஜி, ஏ ஆகிவிடும். அதை 5வது தந்தியில் விரல் வைக்காமல், ஒரு ஆக்டேவ் மேலே வாசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்து எழுத்தில் ஷார்ப், ஃபிளாட் எல்லாம் பொதுவாக அந்த நோட்டுக்கு மட்டும். பார் முடியும்வரை செல்லாது. பாக்கின் வயலின் சொனாட்டா, பிடபிள்யூவி 1001, ஜி மைனர்தான், ஆனால் வரித் தொடக்கத்துச் சாவிக்குறியில் (கீ சிக்னேச்சர்) ஒரே ஃபிளாட்! இ ஃபிளாட்டை அங்கங்கே போட்டிருப்பார்.

பீனிக்ஸ்_செல்லோ:
ஆமாம், 995தான் சரி. ஐஎம்எஸ்எல்பியில் இறக்கும்போது பதிப்பாளர் பெயரும் ஆண்டும் பாருங்கள். செல்லோ வடிவத்தோடு ஒப்பிட பாக் கெசல்ஷாஃப்ட் (பாக் சங்கம்) வெளியிட்ட 1879 தொகுதி போதும். பக்கம் முழுக்கக் கிரெசென்டோவும் விரல் எண்ணும் இருந்தால் அது யாரோ எடிட்டரின் கைவேலை. காப்பிரைட்: நம் தென்னாப்பிரிக்காவில் படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பின் 50 ஆண்டு. கிட்டார் மேதை செகோவியா 1987இல் இறந்தார். அவர் கிட்டாருக்கு மாற்றி எழுதியவற்றை நகலெடுக்க 2037 முடிய வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_ஆறுதந்தி:
நன்றி அண்ணே. 995 ஸ்கேன் இறக்கிவிட்டேன். மேல் வரி டெனர் க்ளெஃப் (எந்தக் கோடு எந்த நோட்டு என்று காட்டும் குறி), அதைத்தான் முதலில் பழக வேண்டும்.